பழைய லாரியில் புதுச் சத்தமா? பட்டறைக்குப் போகும் முன் வாசலிலேயே பார்க்க வேண்டியவை

அரவை தொடங்கிவிட்டால் நெல்லிக்குப்பத்தில் கடலூர்–பண்ருட்டி சாலை முழுக்கக் கரும்பு வண்டிகள்தான். 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்ட ஊர் இது. இன்றைக்கு இ.ஐ.டி. பாரி நடத்தும் அந்த ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் லாரிகளில் பழைய டாடாவும் லேலண்டும் நிறைய. எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டியை ஆண்டுதோறும் எஃப்.சி.க்குக் காட்டியாக வேண்டும் என்பதால் வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். பானெட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது ஓட்டுகிறவர் காதுக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைக்கிற வீட்டில் "இன்ஜினில் ஏதோ சத்தம்" என்ற பேச்சு வந்தாலே அன்றைக்குச் சோறு இறங்காது. பயத்தில் நேராகப் பட்டறைக்குப் போய் "பிரித்துப் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். பிரித்தால் செலவு கேஸ்கெட்டோடு நிற்காது. ஆனால் இன்ஜின் சத்தம் என்று வருவதில் பெரும்பகுதி இன்ஜினுக்கு வெளியே மாட்டியிருக்கும் சாமான்களின் சத்தம். அதைப் பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வீட்டில் இருக்கிற பொருளும் கொஞ்சம் பொறுமையும் போதும். கீழே உள்ளவை மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் லாரிகளை மனதில் வைத்து எழுதியவை.

1. முதலில் உடை. லுங்கி, தோளில் துண்டு, கழுத்தில் தொங்கும் கயிறு, கையில் காப்பு எதுவும் கூடாது. ஃபேன் இறக்கை துண்டின் நுனியைப் பிடித்தால் கையை விலக்க நேரம் இருக்காது. கூட நிற்கிற பெண்கள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளட்டும், பின்னல் முன்னால் தொங்க வேண்டாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கேபினில் ஒருவர் உட்கார வேண்டும். நீங்கள் சொன்னாலொழிய அவர் கியரையும் சாவியையும் தொடக் கூடாது. ஓடுகிற வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள், அடியிலும் படுக்காதீர்கள். நாலு பக்கமும் அடைத்த கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடுவதும் வேண்டாம். புகையில் கலந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

2. கரும்பு ஏற்றும் வண்டி என்றால் இன்ஜினை ஆராய்வதற்கு முன் சோகையைத் தேடுங்கள். காய்ந்த சோகை ரேடியேட்டருக்கும் ஃபேன் கூட்டுக்கும் நடுவே சிக்கினால் பட பட என்று அடிக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் கூடும். கேட்கிறவருக்கு உள்ளே ஏதோ உடைந்துவிட்டது போலிருக்கும். ஜாயின்ட் ஷாஃப்டில் சுற்றிக்கொண்ட சோகையும், சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் செருகிக்கொண்ட கரும்புத் துண்டும் இதே வேலையைச் செய்யும். சைலன்ஸர் குழாய் மேல் கிடக்கும் சோகை தீப்பிடிக்கவும் கூடியது. ஆகவே இந்தச் சுத்தம் சத்தத்துக்காக மட்டும் இல்லை.

வயல் ஓரத்தில் பல நாள் நின்ற வண்டியானால் ஏர் ஃபில்டர் டப்பாவையும் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டியிருந்தால் காற்று போதாமல் இன்ஜின் திணறும், கரும்புகை தள்ளும்.

3. பேட்டரிப் பெட்டி, மட்கார்டு, சைலன்ஸர் கிளாம்ப், கேபின் அடியில் போட்டிருக்கும் ஜாக்கி, டூல்ஸ் பெட்டி. இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். சைலன்ஸர் சூடாக இருந்தால் மரக்கட்டையால் தட்டினால் போதும், தளர்ந்த தகடு உடனே காட்டிக்கொடுக்கும்.

4. இனி முக்கியமான விஷயம். பட்டறையில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது:

"அண்ணே, வண்டி டொக்கு டொக்குங்குது."

"எப்ப?"

"எப்பவுமேதான்."

"எப்பவுமே வர்ற சத்தம்னு ஒண்ணு கிடையாது தம்பி. காலைல ஸ்டார்ட் பண்ணும்போதா, சூடு ஏறுன பிறகா? நிக்கும்போதா, ஓடும்போதா? லோடுலயா, காலியாவா? போய்க் கேட்டுட்டு வா."

மெக்கானிக் விரட்டவில்லை, பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன்னால் எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் வந்து சூட்டில் மறைவது ஒரு வகை. சூடு ஏறிய பிறகே வருவது இன்னொரு வகை. இரண்டாவதுக்குத்தான் கவலைப்பட வேண்டும். ஆயில் சூட்டில் இளகி மெலிந்த பிறகு கேட்கிற தட்டு பேரிங்கைக் கை காட்டுகிறது. நிற்கும்போது ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கினால் இன்ஜினையோ அதில் மாட்டியதையோ சேர்ந்தது. வண்டி நகர்ந்தால்தான் வரும் என்றால் இன்ஜினை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள்.

ஒரு பழைய டைரியில் நாலு கட்டம் போட்டு இரண்டு நாள் எழுதுங்கள்: குளிர், சூடு, காலி, லோடு. கடைசியாக வண்டியில் என்ன வேலை பார்த்தோம் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். கிளட்ச் வேலை பார்த்த மறுவாரம் வந்த சத்தத்துக்கு இன்ஜினைப் பிரிப்பது வீண்.

5. விரலால் தாளம் போட்டுப் பாருங்கள். ஐடிலில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 சுற்று என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் நொடிக்கு 10 முறை சுற்றுகிறது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும், ஒவ்வொரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் திறக்கும். அதனால் ஒரு டேப்பட்டோ ஒரு நாசிலோ தட்டினால் நொடிக்கு 5 தட்டு. கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிற பொருள் தட்டினால் 10.

பானெட் மேல் விரலால் அந்தச் சத்தத்தோடு கூடத் தட்டிப் பாருங்கள். நொடிக்கு 5 என்றால் விரல் கூடவே போகும். 10 என்றால் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் பிடிக்க முடியாது. கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் மேல்பாதியா கீழ்ப்பாதியா என்பதை இதைவிடச் சீக்கிரம் சொல்கிற வழி எனக்குத் தெரியாது.

6. நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நுனியை இன்ஜின் உடம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதின் முன்மேட்டில் அழுத்தினால் உள்ளே நடப்பது கேட்கும். 1816இல் பாரிசில் லேனெக் என்ற மருத்துவர் நோயாளியின் நெஞ்சில் தாளைச் சுருட்டி வைத்துக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் பிறந்தது. நம் பட்டறைகளில் அதே வேலையைத்தான் இந்த இரும்புக் கம்பி செய்கிறது.

டேப்பட் மூடி, ஒவ்வொரு நாசிலின் பக்கம், டீசல் பம்ப், டைனமோ, கம்ப்ரஷர், முன்பக்க டைமிங் கேஸ், ஆயில் சம்ப் என்று வரிசையாக வையுங்கள். சத்தம் எங்கே கூர்மையாக மாறுகிறதோ அந்த இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். ஃபேனும் பெல்ட்டும் சுற்றுகிற பக்கம் நீட்டும்போது கம்பியின் நுனி மேல் கண் இருக்கட்டும். கம்பியை எட்டிப் பிடித்துச் சாய்ந்து நிற்க வேண்டிய இடமானால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

காற்றுக் கசிவு, புகைக் கசிவுக்குக் கம்பி உதவாது. ஒரு முழ நீளம் ரப்பர் ஹோஸ் எடுத்து ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை இணைப்புகள் மேல் நகர்த்துங்கள். உஸ் என்று வருகிற இடம் தெரிந்துவிடும்.

7. மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டீசல் இன்ஜின் கடகடவென்று அடிப்பது நோயில்லை. இதில் பிளக் பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கி அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறோம். ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டியதும் இதே முறைதான். உள்ளே பீய்ச்சப்பட்ட டீசல் பற்றிக்கொள்ளக் கொஞ்சம் தாமதமாகும். சிலிண்டர் குளிர்ந்திருந்தால் தாமதம் கூடும். அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் மொத்தமாக ஒரே அடியில் எரியும், அதுதான் அந்த நாக்கிங். சில நிமிடத்தில் அடங்கினால் விட்டுவிடுங்கள். சூடான பிறகும் எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரி அடித்தால் பம்ப் டைமிங்கையும் டீசலின் தரத்தையும் சந்தேகப்படலாம். ஏதாவது ஒன்று மட்டும் அடித்தால் 13ஆவது குறிப்புக்குப் போங்கள்.

8. கீச்சென்று கத்தினால் ஃபேன் பெல்ட். ஸ்டார்ட் செய்தவுடனும், ஹெட்லைட் போட்டவுடனும் அதிகமாகும், ஏனென்றால் அப்போதுதான் டைனமோ இழுக்கிறது. குவளைத் தண்ணீரை எட்ட நின்று பெல்ட் மேல் சிறிது தெளியுங்கள். சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி வந்தால் பெல்ட்டின் பக்கம் தேய்ந்திருக்கிறது அல்லது புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் கத்தினால் பெல்ட் தளர்வு. இன்ஜினை நிறுத்திவிட்டு இரு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் தாராளமாக இறங்கினால் இறுக்க வேண்டும். கத்துகிறதே என்று கிரீஸ் தடவுகிறவர்கள் உண்டு. அன்றைக்குச் சத்தம் நிற்கும், அப்புறம் பெல்ட் வழுக்கி இன்ஜின் சூடேறும்.

9. கரகரவென்று அரைக்கிற சத்தம் முன்பக்கம் வந்தால் வாட்டர் பாடியும் டைனமோவும்தான் முதல் சந்தேகம். இன்ஜினை அணைத்து, ஃபேன் இறக்கையை எதிரெதிராகப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் வாட்டர் பாடி பேரிங் போய்விட்டது. அதன் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அங்கே தண்ணீர் வடிந்த வெள்ளைக் கோடோ துருக் கோடோ இருந்தால் சீலும் சேர்ந்து போயிருக்கிறது.

இன்னும் சந்தேகமா? பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் அடியோடு போய்விட்டால் பெல்ட்டில் ஓடும் சாமான்களில் ஒன்றுதான் குற்றவாளி. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தால் எது என்பதும் தெரியும். அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், வாட்டர் பாடி சுற்றாதபோது தண்ணீர் ஓட்டம் இல்லை.

10. ஏர் பிரேக் வண்டியில் கம்ப்ரஷர் சத்தத்தை இன்ஜின் சத்தம் என்று நினைத்து ஏமாறுவது சாதாரணம். சில வண்டிகளில் அது பெல்ட்டில் ஓடும், பலவற்றில் கியரில். கியரில் ஓடினால் மேலே சொன்ன பெல்ட் சோதனை உதவாது. ஆனால் இதற்கென்று அழகான வழி இருக்கிறது. காற்று ஏற ஏற கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். டேங்க் நிறைந்ததும் புஸ் என்று ஒரு சத்தம் வரும், கம்ப்ரஷர் சுமை இல்லாமல் சும்மா சுற்ற ஆரம்பிக்கும். அந்தக் கணத்தில் தட்டல் குறைந்தால், கேபினில் இருப்பவரை நாலைந்து முறை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். காற்று இறங்கி, கம்ப்ரஷர் மறுபடி வேலை தொடங்கி, தட்டலும் திரும்பி வந்தால் சந்தேகமே இல்லை. இன்ஜினைப் பிரிக்க வந்த பணத்தில் பெரும்பகுதி மிச்சம்.

11. குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்று டேப்பட் போலவே அடித்து, சூடேறினதும் குறைகிற சத்தம் பல நேரம் டேப்பட்டே இல்லை, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால் சத்தம் குறைகிறது. கசிகிற இடத்தில் கறுப்பாகக் கரி படிந்திருக்கும். கையை நீட்டிப் பார்க்க வேண்டாம். மெல்லிய தாளை நாடா போலக் கிழித்து நீளமான குச்சி நுனியில் ஒட்டி, இன்ஜின் ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்திலேயே ஒவ்வொரு இணைப்பின் ஓரமும் காட்டுங்கள். கசிவு உள்ள இடத்தில் தாள் துடிக்கும். போல்ட் முறுக்கும் வேலையை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஸ்டட் சூட்டில் பட்டென்று முறியும். கடற்கரை உப்புக்காற்று படுகிற கடலூர்ப் பக்கத்து வண்டிகளில் இதற்குச் சொல்லவே வேண்டாம்.

12. டேப்பட் சத்தம் மேல்பக்கத்தில் மெல்லியதாக, ஒழுங்காக, ஐடிலில் தெளிவாகக் கேட்கும். பழைய வண்டியில் கொஞ்சம் டேப்பட் சத்தம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். சத்தமே கேட்காதபடி இறுக்கி வைத்த டேப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். வால்வு முழுதாக உட்காராமல் நுனி எரிந்துபோகும், அதற்கு முன்னெச்சரிக்கைச் சத்தம் எதுவும் கிடையாது. "நைஸா வெச்சுக் குடுங்கண்ணே, சத்தம் வரக்கூடாது" என்று மெக்கானிக்கை வற்புறுத்தாதீர்கள். ஃபீலர் கேஜில் எவ்வளவு வைக்க வேண்டும், சூட்டிலா குளிர்ச்சியிலா என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். உங்கள் வண்டிக் கையேட்டில் இருப்பதே கணக்கு.

13. எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகள் செய்வது நாசில் பைப்பைத் தளர்த்திப் பார்ப்பது. இதைச் செய்யும் முன் வண்டியைப் பாருங்கள். எல்லா சிலிண்டருக்கும் பொதுவாக ஒரு தடித்த உருளைக் குழாயும், நாசில் தலையில் மின் ஒயரும் இருந்தால் அது காமன் ரயில். 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 நாடு முழுக்கக் கட்டாயமான பிறகு வந்த வண்டிகள் பலவற்றில் இதுதான். அதில் டீசல் ஆயிரம் கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும். எந்த நட்டையும் தொடாதீர்கள், தோலைக் கிழித்து உள்ளே போகும்.

பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனிப் பைப் போகும் பழைய வகையானால், ஐடிலில் ஓடவிட்டு, கண்ணாடி போட்டு, தோல் கையுறை மாட்டி, நாசில் பக்கத்து நட்டைத் துணி சுற்றி அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். டீசல் வெளியே கசியும், அந்த சிலிண்டர் எரியாது. இன்ஜின் தடுமாறினால் அந்த சிலிண்டர் இதுவரை நன்றாக வேலை செய்திருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அது ஏற்கெனவே சோம்பேறி. தளர்த்தியவுடன் தட்டல் காணாமல் போனால் ஆள் அகப்பட்டார். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். கைவிரலைக் கசிவுக்கு நேரே பிடிக்காதீர்கள். பழைய நாசில் திறக்கும் அழுத்தமே 200 கிலோவை ஒட்டி இருக்கும். ஊசி போல டீசல் தோலுக்குள் ஏறிவிட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். சிந்திய டீசல் சைலன்ஸர் மேல் படாமல் பார்த்துக்கொள்வதும், பீடியைத் தூரத்தில் வைப்பதும் சொல்லாமலே தெரிந்ததுதான்.

சத்தம் போடும் சிலிண்டர் தெரிந்த பிறகு, நாசில் கெட்டதா பேரிங் கெட்டதா என்ற கேள்வி மிச்சம். இன்ஜினை நிறுத்தி, அந்த நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கும் அதை இதற்கும் மாற்றி மாட்டச் சொல்லுங்கள், புதுச் செம்பு வாஷரோடு. சத்தம் நாசிலோடு இடம் மாறினால் நாசில். பழைய இடத்திலேயே நின்றால் கான்ராடு பேரிங்கோ பிஸ்டன் பின்னோ. இதை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம், சம்ப்பைக் கழற்றவும் வேண்டாம்.

14. டிப் ஸ்டிக்கை உருவி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து வெயிலில் காட்டுங்கள். டீசல் இன்ஜின் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. பளபளவென்று பொடி மின்னினால் இயல்பில்லை. மட்டம் ஏறியிருந்து, டீசல் வாடை அடித்து, நீர்த்துப் போயிருந்தால் நாசிலோ பம்போ ஆயிலுக்குள் டீசலை விடுகிறது. பால் டீ நிறத்துக்குத் திரிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டிலும் வண்டியை ஓட்ட வேண்டாம்.

ஆயில் மாற்றும் நாளில் பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். அறுத்து, உள்ளிருக்கும் மடிப்புத் தாளைப் பழைய செய்தித்தாள் மேல் விரித்துப் பிழியுங்கள். உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதன் மேல் நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டு எழும் பொடி இரும்பு: லைனர், ரிங், கேம், கியர் இவற்றில் ஏதோ தேய்கிறது. ஒட்டாமல் தங்கிவிடும் செம்பு நிறத் துகளும் வெள்ளைத் தகடும்தான் பயமுறுத்துகிறவை. பேரிங்கின் மேல்பூச்சு போய், செம்பு தெரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது, அது பிஸ்டனிலிருந்து வந்ததாக இருக்கலாம். துகளை வெள்ளைத் தாளில் ஒட்டி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

15. உடனே இன்ஜினை அணைக்க வேண்டிய சத்தங்கள் இரண்டு.

ஒன்று, கான்ராடு பேரிங். கனமான டொக் டொக், அடிப்பக்கத்திலிருந்து வரும். ஆக்சிலேட்டரை ஏற்றிச் சட்டென்று விடும்போது வரிசையாக நாலு தட்டுத் தட்டிவிட்டு அடங்கும். மற்றது மெயின் பேரிங். அதைவிட ஆழமான டம் டம், லோடு ஏற்றி மேட்டில் இழுக்கும்போது காலடித் தகட்டிலேயே அதிர்வு தெரியும், ஒற்றை நாசிலைத் தளர்த்தினாலும் பெரிதாக மாறாது. இரண்டிலும் சூடேறிய பிறகு ஆயில் பிரஷர் முள் வழக்கமான இடத்துக்கு வராது.

"ஆலை வரைக்கும் போயிடலாம், மேல்பட்டாம்பாக்கம் தாண்டிட்டோம்ல" என்று தோன்றும். போகாதீர்கள். இந்த நிலையில் நிறுத்தினால் பேரிங் செட்டோடு, மிஞ்சிப்போனால் கிராங்க் தேய்ப்போடு முடியும். ஓட்டினால் கான்ராடு பிளாக்கைக் கிழித்து வெளியே வரும். கரும்பை வேறு வண்டிக்கு மாற்றும் கூலி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆனால் ஒரு விஷயம். தீர்ப்பு எழுதும் முன் கிராங்க் புல்லி போல்ட்டையும் ஃபிளைவீல் பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். புல்லி தளர்ந்தால் பேரிங் போலவே, நொடிக்குப் பத்துத் தட்டாக அடிக்கும். பிஸ்டன் லைனரில் ஆடுகிற லொட லொட வேறு. குளிரில் பெரிதாகவும் சூட்டில் சிறிதாகவும் இருக்கும், அந்த வண்டி இந்த அரவையை ஓட்டி முடித்துவிடும்.

16. கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறது: கிளட்ச் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் வருகிற சத்தம் கிளட்சை மிதித்தால் நிற்கிறது: கியர் பாக்ஸ் முன் பேரிங். இரண்டுமே இன்ஜின் இல்லை.

17. வண்டி ஓடும்போது மட்டும் கேட்டால், காலி வண்டியில், ஆள் நடமாட்டம் இல்லாத சமதரைச் சாலையில், மெதுவான வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருள விடுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள், காற்றும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும். இன்ஜின் சுற்று இறங்கியும் சத்தம் சக்கர வேகத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தால் ஜாயின்ட் ஷாஃப்ட் கிராஸ், சென்டர் பேரிங், சக்கர பேரிங் என்று பின்னால் தேடலாம். கியர் மாற்றும்போது டங் என்று ஒற்றை அடி விழுந்தால் பெரும்பாலும் கிராஸ். வண்டியை நிறுத்தி, கட்டை கொடுத்து, ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் ஆட்டம் தெரியும். கிராஸைச் சுற்றி செங்காவி நிறத்தில் துருத்தூள் இருந்தால் கிரீஸ் பார்த்துப் பல நாளாகிவிட்டது.

18. டர்போ உள்ள வண்டியில் மெல்லிய விசில் இயல்பு. அது சைரனாக ஏறினால் கவனியுங்கள். விசிலோடு இழுவையும் குறைந்து கரும்புகையும் வந்தால் முதலில் டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸையும் கிளாம்பையும் பாருங்கள். ஒரு கிளாம்ப் இறுக்கினால் தீர்கிற விஷயத்துக்கு டர்போவையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஆறிய பிறகு காற்றுப் பக்க ஹோஸைக் கழற்றி, உள்ளிருக்கும் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். கூட்டில் உரசினால்தான் டர்போ வேலை. நிமிடத்துக்கு லட்சம் சுற்றை நெருங்கும் பொருள் அது. லோடு இழுத்து வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

19. வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 மழையிலும், 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை மீறியபோதும் கடலூர் மாவட்டம் கண்டது நினைவிருக்கும். ஏர் ஃபில்டர் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். டக் என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு இன்ஜின் நின்றுவிடும். தண்ணீரை நெருக்க முடியாது, வளைவது கான்ராடு. பேட்டரி ஒயரைக் கழற்றி, நாசில்களை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில், ஃபில்டர், டேங்க் டீசல் எல்லாம் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட்.

20. வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே செல்போனில் அதன் சத்தத்தைப் பதிந்து வையுங்கள். போனை எப்போதும் ஒரே இடத்தில், அதாவது கேபினுக்குள் சீட் மேலும் வெளியே முன்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்திலும் வைத்து, குளிர்ந்த ஸ்டார்ட்டின் முதல் நிமிடம் ஒன்று, சூடான ஐடில் ஒன்று. தேதியும் கிலோமீட்டரும் வாயாலேயே சொல்லிவிடுங்கள். போன் மைக்கில் ஆழமான டம் டம் சரியாகப் பதியாது, அதற்குக் காதுதான். ஆனால் கீச்சும் டிக் டிக்கும் கரகரவும் நன்றாகப் பதியும். போன மாதத்துப் பதிவோடு ஒட்டிக் கேட்டால் புதிதாகச் சேர்ந்தது எது என்று வீட்டில் உள்ள பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

21. இவ்வளவும் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போகும்போது "பேரிங் போயிடுச்சு, மாத்துங்க" என்று நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்: சூடேறிய பிறகு வருகிறது, மூன்றாம் நாசிலைத் தளர்த்தினால் நிற்கிறது, நாசில் மாற்றியும் இடம் மாறவில்லை, ஃபில்டரில் செம்புத் துகள். நல்ல மெக்கானிக் அப்போதே ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்து தானும் ஒருமுறை கேட்பார். கேட்காமலே ஸ்பேனரை எடுக்கிறவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். மாற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டித் தரச் சொல்வது உங்கள் உரிமை. பேரிங் ஷெல்லின் பின்முதுகில் ஸ்டாண்டர்டா, அண்டர் சைஸா, எத்தனை என்று எழுத்து பதிந்திருக்கும். துடைத்துவிட்டு அதைப் போட்டோ எடுத்துக்கொண்டால் அடுத்த முறை கடலூரில் ஸ்பேர் வாங்கப் போகும்போது கிராங்க் ஏற்கெனவே எவ்வளவு தேய்த்தது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.